44, 40, 8: ஆர்பாநெட் முடங்கிய நாள்

1980 அக்டோபர் 27, திங்கட்கிழமை. இன்றைய இணையத்துக்கு முன்னோடியான, அமெரிக்காவின் ஆர்பாநெட் என்ற கணினி நெட்வொர்க் பல மணி நேரம் முடங்கிப் போனது. எங்கோ ஒரு லைன் அறுந்து ஒரு ஊர் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தால் அது பெரிய செய்தி ஆகியிருக்காது. அன்று பாதிப்பு எல்லா இடத்திலும், ஒரே நேரத்தில். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மொத்த நெட்வொர்க்கும் சேர்ந்து விழுந்ததே இல்லை.

யாரும் வெளியிலிருந்து தாக்கவில்லை. வைரஸும் இல்லை. ஒரு இயந்திரத்தின் நினைவகத்தில் இரண்டு பிட் விழுந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு பிட்டால் 44, 40, 8 என்ற மூன்று எண்கள் உருவாகி, நாடு முழுக்க ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு சுற்றின.

நெட்வொர்க் பாடம் எடுக்கும்போது நான் அடிக்கடி திரும்பிப் போகும் நிகழ்வு இது. பாக்கெட் ஹெடரை, அதாவது அனுப்பும் தகவல் துண்டின் தலைப்பகுதியை, கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து, இது வரிசை எண், இது வயது, இது செக்சம் என்று எழுதிப் போட்டால் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள், பரீட்சையிலும் எழுதிவிடுவார்கள். "இது எதுக்கு சார்?" என்று யாராவது ஒருவர் கேட்டால்தான் பாடமே தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில்களில் இதைவிடத் தெளிவான ஒன்று கிடையாது.

ஐ.எம்.பி. என்ற பெட்டி

ஆர்பாநெட் 1969-ல் நான்கு இடங்களை இணைத்துத் தொடங்கியது: லாஸ் ஏஞ்சலஸில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனம், சாண்டா பார்பராவில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், யூட்டா பல்கலைக்கழகம். அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு 'லாகின்' என்ற சொல்லைத் தட்டத் தொடங்கினார்கள். முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கணினி நின்றுவிட்டது. அன்றிலிருந்து 11 ஆண்டு ஆவதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் நாம் பேசும் சம்பவம் நடந்தது.

ஒவ்வொரு இடத்திலும் இருந்த பெரிய கணினிகள் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னக் கணினியை நிறுத்தி, செய்தி கடத்தும் வேலையை அதனிடம் மட்டுமே கொடுத்தார்கள். அதுதான் ஐ.எம்.பி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் ஊரில் இருந்த பி.பி.என். நிறுவனம், ஹனிவெல் 516 கணினியை எடுத்து இதற்கென மாற்றி அமைத்தது. இன்றைய ரவுட்டருக்கு அதுவே மூதாதை. 'சின்னக் கணினி' என்று சொன்னாலும் ஆள் உயரத்துக்கு நின்ற இரும்பு அலமாரி அது. தொடக்கத்தில் அதன் நினைவகம் 16 பிட் கொண்ட 12,000 சொச்சம் சொற்கள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவைக்கூட அதற்குள் வைக்க முடியாது. இந்தப் பற்றாக்குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஐ.எம்.பி.களை இணைத்தது வாடகைக்கு எடுத்த தொலைபேசி லைன்கள், வினாடிக்கு 50,000 பிட் வேகத்தில். செய்தியைச் சுமார் 1,000 பிட் கொண்ட பாக்கெட்டுகளாக நறுக்கி அனுப்பினார்கள். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகும் பார்சலை மதுரையில் இறக்கி, அடுத்த வண்டியில் ஏற்றி, திருச்சியில் மறுபடி இறக்கி ஏற்றுவதைப் போலத்தான் இதுவும். ஒவ்வொரு ஐ.எம்.பி.யும் பாக்கெட்டை முழுதாக வாங்கி, நினைவகத்தில் வைத்து, எந்த லைனில் அனுப்பலாம் என்று பார்த்து, அடுத்த ஐ.எம்.பி.க்குத் தள்ளும். அங்கிருந்து 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை தன் பிரதியை அழிக்காது.

தொலைபேசி லைனில் இரைச்சல் உண்டு, பிட் மாறும். அதற்காக ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும், அதன் பிட்களை வைத்துக் கணக்கிட்ட 24 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றை, அதாவது செக்சத்தைச் சேர்த்தார்கள். பெறும் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். பதில் வராததால் அனுப்பிய பக்கம் மறுபடி அனுப்பும். பயணத்துக்கு இது நல்ல காவல். பயணத்துக்கு மட்டும்.

வழி எப்படித் தெரியும்?

முதல் பத்தாண்டு அண்டை வீட்டுப் பேச்சை நம்பித்தான் வழி கண்டுபிடித்தார்கள். "என் வழியாகப் போனால் அந்த ஊருக்கு இவ்வளவு நேரம்" என்று ஒவ்வொரு ஐ.எம்.பி.யும் பக்கத்து ஐ.எம்.பி.யிடம் சொல்லும், அது தன் பங்கைக் கூட்டி அடுத்ததிடம் சொல்லும். நல்ல செய்தி வேகமாகப் பரவும். ஒரு லைன் செத்துப்போன செய்தியோ மெதுவாகத்தான் பரவும். அதற்குள் பாக்கெட்டுகள் இரண்டு ஐ.எம்.பி.களுக்கு நடுவே போவதும் வருவதுமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

1979 மே மாதம் முறையை மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு ஐ.எம்.பி.யும் தனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லும்: என் லைன்கள் இவை, ஒவ்வொன்றிலும் இப்போது இவ்வளவு தாமதம். ஆனால் அதை நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் சொல்லும். எல்லோருடைய அறிக்கையும் எல்லோரிடமும் இருப்பதால் ஒவ்வொருவரும் மொத்த வரைபடத்தையும் தாங்களே வரைந்துகொண்டு, கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-ல் கொடுத்த முறைப்படி குறுகிய வழியைக் கணக்கிடலாம். வதந்திக்கு இடமில்லை. இன்றும் ஒரு பெரிய நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள் வழி தேடுவது பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான்.

இந்த முறை நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு விஷயத்தில்: எல்லோரிடமும் ஒரே வரைபடம் இருக்க வேண்டும். அதனால் அறிக்கையைப் பரப்ப மிக எளிய, மிக முரட்டுத்தனமான வழியை எடுத்தார்கள். அறிக்கை கிடைத்த ஐ.எம்.பி. அதைத் தன் எல்லா லைனிலும் தள்ளிவிடும். வாங்கியவரும் அப்படியே செய்வார். எந்த லைன் அறுந்தாலும் வேறு ஒரு சுற்றில் வந்து சேர்ந்துவிடும்.

சரி, ஒரே அறிக்கை மூன்று வழியில் மூன்று முறை வந்தால்? அல்லது சுற்றி வந்த பழைய அறிக்கை புதியதற்குப் பின்னால் வந்து சேர்ந்தால்? பழையதைத் தள்ள வேண்டும், புதியதை ஏற்க வேண்டும். தபாலில் வந்த இரண்டு கடிதங்களில் எது பிந்தியது என்று தேதியைப் பார்த்துச் சொல்கிறோம். ஐ.எம்.பி.களுக்கு அதற்காகக் கொடுத்தது ஒரு வரிசை எண்.

சுற்றி வரும் எண்

அந்த வரிசை எண்ணுக்கு 6 பிட் ஒதுக்கினார்கள். 0 முதல் 63 வரை 64 எண்கள். 63-க்குப் பிறகு மறுபடி 0. நினைவகம் எவ்வளவு சின்னது என்று பார்த்தோம். ஒவ்வொரு பிட்டும் காசு.

எண் சுற்றி வருவதால் 'பெரியது புதியது' என்று சொல்ல முடியாது. 63-ஐவிட 0 புதியதாக இருக்கலாம். நமக்கு இது பழக்கமான சிக்கல்தான். நம் அறுபது ஆண்டுச் சுழற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய ஓலையோ பத்திரமோ கிடைக்கிறது. 'பிரபவ வருஷம்' என்று மட்டும் போட்டிருக்கிறது. 1867-ஆ, 1927-ஆ, 1987-ஆ? இன்னொன்றில் 'அட்சய வருஷம்'. பட்டியலில் பிரபவ முதலாவது, அட்சய அறுபதாவது. ஆனால் 1986 அட்சய, அடுத்த ஆண்டே பிரபவ. எனவே இரண்டு பத்திரமும் அடுத்தடுத்து எழுதியவை என்று தெரிந்தால் பிரபவ என்று போட்டதுதான் பிந்தியது என்று சொல்வோம். வட்டத்தில் அரைச் சுற்றுக்குள் முன்னால் இருப்பது புதியது. இதுதான் விதி.

ஆர்பாநெட்டிலும் அதே விதி. 64-ல் பாதி 32. ஒரு எண்ணிலிருந்து முன்னோக்கி 32 அடிக்குள் இருக்கும் எண் அதைவிடப் புதியது. அதற்கு அப்பால் போனால் பழையது.

இதில் ஆபத்து இல்லையா என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். ஒரு ஐ.எம்.பி. அதிகபட்சம் 5 வினாடிக்கு ஒரு அறிக்கைதான் அனுப்பலாம். அரைச் சுற்று கடக்க 32 அறிக்கை வேண்டும், அதாவது 160 வினாடி. அவ்வளவு நேரம் ஒரு பழைய அறிக்கை நெட்வொர்க்கில் அலைந்துகொண்டிருக்காது. ஆகவே ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் எண்கள் எல்லாம் வட்டத்தின் ஒரு சின்ன வில்லுக்குள் அடங்கிவிடும், குழப்பம் வராது. கணக்கு சரியானது. நான் பலமுறை சரிபார்த்துவிட்டேன், அதில் ஓட்டை கிடையாது. அனுப்பியவர் உண்மையில் அனுப்பிய எண்கள் மட்டுமே நெட்வொர்க்கில் இருக்கும் என்பதுதான் அந்தக் கணக்கின் அடியில் யாரும் எழுதாமல் விட்ட நிபந்தனை.

அன்று என்ன தெரிந்தது

கேம்பிரிட்ஜில் பி.பி.என். நடத்திய கட்டுப்பாட்டு மையத்தில் முதலில் தெரிந்தது லைன்கள் விழுவது. ஒன்று இரண்டு அல்ல, பல இடங்களில். தொலைபேசி லைன்களில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் இரு முனையிலும் இருந்த ஐ.எம்.பி.கள் 'இந்த லைன் டவுன்' என்றன.

லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அண்டை ஐ.எம்.பி.கள் இடைவிடாமல் ஒன்றை ஒன்று கூப்பிட்டுப் பார்க்கும். சில முறை பதில் வராவிட்டால் லைன் செத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். இந்த வேலைக்கு ஐ.எம்.பி.யில் முன்னுரிமை குறைவு. வழி அறிக்கைகளைக் கையாளும் வேலைக்கு முன்னுரிமை அதிகம். நியாயமான முடிவாகவே தோன்றியிருக்கும். வரைபடம் தவறானால் எல்லாமே தவறு அல்லவா? அன்று வழி அறிக்கைகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தன. ஐ.எம்.பி.யின் நேரம் முழுவதையும் அவையே தின்றுவிட்டன. அண்டை வீட்டுக்காரர் கூப்பிட்டபோது பதில் சொல்ல நேரமில்லை. பதில் வராததால் லைன் டவுன்.

இப்படிப்பட்ட நேரத்தில் எந்த டெக்னீஷியனும் முதலில் செய்வது ரீஸ்டார்ட். இங்கே அது உதவாது. ஐ.எம்.பி.யை நிறுத்தி மறுபடி ஏற்றினால் வெற்று நினைவகத்தோடு எழும். எழுந்த அடுத்த கணமே பக்கத்து ஐ.எம்.பி. தன்னிடம் உள்ள அறிக்கைகளை அதன் தலையில் கொட்டும். பரப்பும் முறை அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

சின்ன அளவில் இதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு அலுவலகத்தில் யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும், கணினிகளை இணைக்கும் ஒரே நெட்வொர்க் சுவிட்ச்சில் செருகிவிட்டார்கள். மேஜைக்கு அடியில் அனாதையாகக் கிடந்த முனையைப் பார்த்து, கழன்றுவிட்டது போல என்று நல்ல எண்ணத்தில் செய்தது. சில நொடியில் மாடி முழுக்க இணைப்பு போய்விட்டது. அந்த அறைக்குள் போனபோது சுவிட்ச்சின் 24 விளக்கும் ஒரே தாளத்தில் மினுங்கின. வழக்கமாக அவை ஒவ்வொன்றும் தன் போக்கில் மினுங்கும். அன்று 24-ம் ஒன்றாக. எல்லோருக்குமான ஒரு செய்தி அந்த வளையத்தில் மாட்டி, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் போர்ட்டுக்கும் பிரதியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கணினியாக ரீஸ்டார்ட் செய்து பார்த்தோம், பயனில்லை. கேபிளைப் பிடுங்கியதும் ஒரு நொடியில் அடங்கியது. அந்த விளக்குகளைப் பார்த்தபோது எனக்கு ஆர்பாநெட்தான் நினைவுக்கு வந்தது. எந்தப் பெட்டியும் தவறு செய்யவில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொன்னதைச் சரியாகச் செய்ததால்தான் மொத்தமும் நின்றது.

டம்ப்

பி.பி.என். பொறியாளர்கள் ஐ.எம்.பி.யின் நினைவகத்தில் இருந்ததை அப்படியே எடுத்து விரித்துப் பார்த்தார்கள். வெளியே போகக் காத்திருந்த பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன. அவற்றில் மிகுதியும் வழி அறிக்கைகள், அதுவும் ஒரே ஐ.எம்.பி.யின் பெயரில்: எண் 50. வரிசை எண்களைப் பார்த்தால் இப்படிப் போகிறது: 8, 40, 44, 8, 40, 44, 8, 40, 44...

விதியைப் போட்டுப் பாருங்கள். 8-லிருந்து 40-க்கு 32 அடி. எல்லைக்குள் வருகிறது, எனவே 8-ஐவிட 40 புதியது. 40-லிருந்து 44-க்கு 4 அடி. எனவே 40-ஐவிட 44 புதியது. 44-லிருந்து 63 வரை போய், 0-க்குத் திரும்பி, 8-க்கு வந்தால் 28 அடி. எனவே 44-ஐவிட 8 புதியது.

மூன்றில் ஒவ்வொன்றும் இன்னொன்றைவிடப் புதியது. கையில் 8 இருக்கும்போது 40 வந்தால் ஏற்கும், எல்லா லைனிலும் தள்ளும். 44 வந்தால் ஏற்கும், தள்ளும். 8 வந்தால் மறுபடி ஏற்கும், தள்ளும். முடிவே இல்லை. நம் ஆண்டுப் பெயர்களிலும் இதைச் செய்து பார்க்கலாம்: பிரபவ, சர்வசித்து, பிலவங்க. ஒவ்வொன்றுக்கும் நடுவே 20 ஆண்டு. பிரபவவுக்குப் பின் சர்வசித்து, அதற்குப் பின் பிலவங்க, அதற்குப் பின் மறுபடி பிரபவ. இந்த மூன்று பெயரை மட்டும் கையில் கொடுத்து எது கடைசி என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. 0 முதல் 63 வரை எந்த எண்ணை வேண்டுமானாலும் எடுங்கள். 8, 40, 44 ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று அதைவிடப் புதியதாக இருக்கும். தாளில் எழுதிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதாவது 50-ம் ஐ.எம்.பி. சரியான புதிய அறிக்கை ஒன்றை அனுப்பினாலும் அது தாக்குப்பிடிக்காது. இந்த மூன்றில் ஒன்று அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 50-ம் ஐ.எம்.பி. இவற்றை அடுத்தடுத்து அனுப்பியிருக்க வழியில்லை, 5 வினாடி விதி இருக்கிறது. விடை பைனரியில் இருந்தது.

44 = 101100
40 = 101000
8 = 001000

மேலிருந்து கீழே பாருங்கள். 44-ல் ஒரு 1 மறைந்து 0 ஆனால் 40. 40-ல் இன்னொரு 1 மறைந்தால் 8. இரண்டு மாற்றமும் ஒரே திசையில், 1-லிருந்து 0-க்கு. நினைவகம் பழுதாகும்போது பிட் விழுவது இப்படித்தான். இந்த மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் எதுவும் பேசாமல் நிற்பேன். யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்து "ஐயோ" என்று சொல்லும் வரைக்கும்.

50-க்கு அண்டையில் இருந்தது 29-ம் ஐ.எம்.பி. அதன் வன்பொருளில் அப்போது கோளாறு. நினைவகத்தில் பிட்கள் விழுந்துகொண்டிருந்தன. நினைவகத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பேரிட்டி என்று கூடுதலாக ஒரு பிட் வைத்து, 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் ஒரு பிட் விழுந்ததும் தெரிந்துவிடும். அந்தக் காவல் இல்லாமல்தான் அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. லைனில் வரும்போது 24 பிட் செக்சம் அறிக்கையைக் காத்தது. உள்ளே வந்து நினைவகத்தில் உட்கார்ந்த பிறகு காக்க ஆளில்லை. கெட்டுப்போன எண்ணோடு அறிக்கை வெளியே போனபோது, கெட்டுப்போன எண்ணுக்கே புதிய செக்சம் ஒன்றைச் சரியாகக் கணக்கிட்டு ஒட்டிக்கொண்டு போனது. அடுத்த ஐ.எம்.பி. சோதித்துப் பார்த்தது; எல்லாம் சரியாக இருந்தது.

வயது இருந்தும்

பழைய அறிக்கை தானாகச் சாக வேண்டும் என்று ஒவ்வொரு அறிக்கையிலும் வயதுக் கட்டமும் இருந்தது. ஒரு ஐ.எம்.பி.யில் சில வினாடி தங்கினால் வயது ஒரு படி ஏறும். எல்லை தாண்டினால் அந்த அறிக்கைக்கு மதிப்பு போய்விடும். ஆனால் இந்த மூன்றும் எங்கும் தங்கவே இல்லை. வந்த வேகத்தில் போயின. அதனால் வயதாகவே இல்லை. எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்குப் பதில் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்பதை அளந்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அதுவரை எல்லோரும் நினைத்தது இயல்பே.

தீர்வு எளிதாக இருந்தது. 50-ம் எண்ணின் பெயரில் வரும் எந்த அறிக்கையையும் கண்டுகொள்ளாதே என்று ஒரு சிறிய ஒட்டு நிரல் எழுதி ஐ.எம்.பி.களில் போட்டார்கள். ஏற்பவர் இல்லாமல் போனதும் அந்த மூன்று எண்களும் ஓய்ந்தன. நெட்வொர்க் எழுந்தது.

நடந்தது முழுவதையும் பி.பி.என்.-இல் இருந்த எரிக் ரோசன் 1981-ல் ஓர் ஆவணமாக எழுதினார். இணையத்தின் பொது ஆவண வரிசையில் அது ஆர்.எஃப்.சி. 789. புதிய வழிமுறையை வடிவமைத்தவர்களில் அவரும் ஒருவர். தான் கட்டியது எங்கே இற்றுப்போனது என்று படிப்படியாக, எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். 44, 40, 8 என்ற எண்களும் அவற்றின் பைனரியும் இன்று நமக்குத் தெரிவது அவர் அப்படி எழுதி வைத்ததால்தான். இந்தத் துறையில் எனக்கு மரியாதை வரவைத்த எழுத்துகளில் அதற்கு முதல் வரிசையில் இடம்.

யார் மேல் பழி?

வன்பொருள் கோளாறு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நினைவகத்தில் பிட் விழும். அன்றும் விழுந்தது, இன்றும் விழுகிறது. பழுதான இயந்திரம் தனக்குக் கேடு செய்துகொள்ளலாம், தன் அண்டை வீட்டுக்குக்கூடக் கொஞ்சம் தொந்தரவு கொடுக்கலாம். ஒரு இயந்திரத்தின் பிட் நாடு முழுக்க உள்ள இயந்திரங்களை நிறுத்தியது ஏன் என்பதுதான் கேள்வி.

எனக்கு மிகவும் உறுத்துவது முன்னுரிமைதான். வழி அறிக்கை முக்கியம் என்றார்கள், சரி. எவ்வளவு வந்தால் போதும் என்று ஓர் எல்லை வைக்கவில்லை. ஒரு ஐ.எம்.பி. 5 வினாடிக்கு ஒன்றுதான் அனுப்பலாம் என்ற விதி அனுப்பும் பக்கத்தில் இருந்தது. பெறும் பக்கத்தில் அதை யாரும் சரிபார்க்கவில்லை. ஒரே பெயரில் ஒரு வினாடிக்குள் இத்தனை அறிக்கை வர வாய்ப்பே இல்லையே என்று ஒரே ஒரு இடத்தில் கேட்டிருந்தால் போதும். அந்த மூன்று எண்களும் சுற்றியபடி இருந்தாலும், சுற்றும் வேகம் குறைந்து, வயது ஏறி, அடங்கியிருக்கும்.

1983-ல் நெட்வொர்க் ஆய்வாளர் ரேடியா பெர்ல்மன் இந்த நிகழ்விலிருந்து தொடங்கி, வழித் தகவலைப் பழுது தாங்கும்படி எப்படிப் பரப்புவது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதில் அவர் வைத்த அளவுகோல் கடுமையானது: நெட்வொர்க்குக்குள் எவ்வளவு குப்பை புகுந்திருந்தாலும், பழுதான இயந்திரத்தை எடுத்துவிட்டால் மனிதர் தலையிடாமலே நெட்வொர்க் தானாகச் சரியாக வேண்டும். சுவிட்ச்சுகளுக்கு நடுவே வளையம் விழாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையும் அவர் கொடுத்ததுதான். அந்த அலுவலகத்துச் சுவிட்ச்சில் அது இயங்கியிருந்தால் நான் மேஜைக்கு அடியில் தவழ வேண்டி வந்திருக்காது.

இன்றைய ரவுட்டருக்குள்

இப்போது உங்கள் கல்லூரியிலோ அலுவலகத்திலோ, இதே போல அறிக்கைகளைப் பரப்பி வழி தேடும் ஓ.எஸ்.பி.எஃப். என்ற முறை ஓடும் ரவுட்டர் இருந்தால் அதன் அறிக்கையைத் திறந்து பாருங்கள். 1998-ல் ஜான் மொய் எழுதிய ஆர்.எஃப்.சி. 2328 சொல்கிறபடிதான் அது இருக்கும்.

வரிசை எண் 32 பிட். அது சுற்றி வராது, நேர்கோடு. பெரியது புதியது, அவ்வளவுதான். கடைசி எண்ணைத் தொட்டுவிட்டால் பழைய அறிக்கையை நெட்வொர்க் முழுக்க அழித்துவிட்டுத்தான் முதலிலிருந்து தொடங்கலாம். 5 வினாடிக்கு ஒன்று வீதம் விடாமல் அனுப்பினாலும் எண் தீர 680 ஆண்டு ஆகும்.

வயது வினாடிக் கணக்கில் ஏறும். 3,600 ஆனால் அறிக்கை செத்தது. இங்கே ஒரு நுட்பம்: ஒரு லைனைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் வயது கட்டாயம் ஏற வேண்டும். எங்கும் தங்காமல் ஓடும் அறிக்கைக்கும் வயதாகும்.

ஒரே அறிக்கையின் புதிய பிரதி ஒரு வினாடிக்குள் மறுபடி வந்தால் பெறும் ரவுட்டர் அதை வாங்காது. அனுப்பும் பக்கத்தை நம்பி விடவில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. செக்சத்தை அறிக்கை பிறக்கும் இடத்தில் ஒரே ஒரு முறை போடுகிறார்கள். வழியில் எந்த ரவுட்டரும் புதிதாகக் கணக்கிட்டு ஒட்டுவதில்லை. வயதுக் கட்டம் மட்டும் வழியில் மாறும் என்பதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றவை அனைத்தும் உள்ளே. லைனில் வந்து சேர்ந்தபோது சோதித்ததோடு வேலை முடிவதும் இல்லை. நினைவகத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் அறிக்கையின் வயது 5 நிமிடம், 10 நிமிடம், 15 நிமிடம் என்று தொடும்போதெல்லாம் ரவுட்டர் அந்தச் செக்சத்தை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் நிரலிலோ நினைவகத்திலோ பிழை இருக்கிறது என்று பொருள், குறைந்தபட்சம் அந்த ரவுட்டரையாவது ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்கிறது ஆவணம். 1980-ல் உதவாத ரீஸ்டார்ட், இங்கே அந்த ஒரு ரவுட்டரில் செய்தால் போதும்.